ஓட்டுநர் செய்த குற்றமும் உரிமையாளர் இழக்கும் வாகனமும்

வனப்பொருள் கடத்தலில் சட்டப் பொறுப்பு: ஓர் ஆய்வு

காட்டில் வெட்டப்படும் மரம் காட்டிலேயே பணமாவதில்லை. அது சந்தையை அடைந்தால்தான் அதற்கு விலை கிடைக்கும். சந்தையை அடைய வண்டி வேண்டும். ஆகவே, வனக் குற்றங்களைத் தடுக்க முனையும் எந்தச் சட்டமும் கோடரியோடு நின்றுவிட இயலாது. அது சக்கரத்தையும் கருத்தில் கொள்ள வேண்டியதாகிறது. ஆனால் கோடரியைப் பிடித்தவரும் அதன் உடைமையாளரும் பெரும்பாலும் ஒருவரே. வாகனத்தின் நிலை அவ்வாறன்று. ஓட்டுபவர் ஒருவர், உடையவர் மற்றொருவர். ஓட்டுநர் வனப்பொருளைச் சட்டத்திற்குப் புறம்பாக ஏற்றிச் செல்கையில் பிடிபட்டால், அச்செய்தியையே அறியாத உரிமையாளர் தம் வாகனத்தை இழக்கலாமா என்ற வினா இங்குதான் எழுகிறது. வனத்துறை அலுவலர்களும் சட்டம் பயிலும் மாணவர்களும் வாகனத்தை வாழ்வாதாரமாகக் கொண்டோரும் தெளிவுபெற வேண்டிய வினா இது.

காடும் துறைமுகமும்

கேரளத்தில் இப்பிரச்சினையின் தன்மையை உணர்ந்துகொள்ளக் கொச்சி நகரம் பொருத்தமான ஓர் இடமாகும். மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த கொச்சங்காடி என்னும் பெயரிலேயே அங்காடி என்ற சொல் அமைந்துள்ளது. 1344ஆம் ஆண்டில் இங்கு யூதர்களின் வழிபாட்டு இல்லம் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் கல்வெட்டு இன்று மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயிலின் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. பல நாட்டு வணிகர்கள் கூடிய இப்பகுதிக்கு மலையின் விளைபொருள்கள் காலங்காலமாக வந்து சேர்ந்துள்ளன. மிளகும் சுக்கும் மட்டுமன்றி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கும் ஈட்டியும் கொச்சியை நோக்கியே நகர்ந்தன.

அந்நாளில் மரங்கள் ஆற்று வெள்ளத்தில் தெப்பமாகக் கட்டி மிதக்கவிடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் பறம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை டிராம் பாதை ஒன்றை அமைத்தது. காட்டு மரம் அதன் வழியே சாலக்குடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறிக் கொச்சியை அடைந்தது. அந்தப் பாதை 1963இல் மூடப்பட்டது.

ஆற்று வழியும் டிராம் வழியும் அரசின் கண்ணுக்குத் தப்ப முடியாதவை. எந்த மரம், எத்தனை துண்டு, எங்கிருந்து வந்தது என்பது அவ்வழிகளில் எளிதில் தெரிந்துவிடும். லாரி அப்படிப்பட்டதன்று. மலைப்பகுதிக்கு அரிசியோ சிமெண்டோ ஏற்றிச் சென்ற வண்டி, திரும்பும்போது வேறு சரக்கின் அடியில் நான்கு மரத்துண்டுகளை மறைத்துக் கொண்டுவரலாம். போக்குவரத்து சாலைக்கு மாறியதும் வனப் பாதுகாப்பின் களம் காட்டின் எல்லையிலிருந்து சாலைக்கும் சோதனைச் சாவடிக்கும் விரிந்தது. அதற்கேற்பச் சட்டமும் மாற வேண்டியதாயிற்று.

வனப்பொருள் என்றால் என்ன?

வனப்பொருள் என்பதைச் சட்டம் இரு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் அடங்கும் பொருள்கள் காட்டில் இருந்தாலும், காட்டிலிருந்து கொண்டுவரப்படாவிட்டாலும் வனப்பொருள்களே. வெட்டுமரம், மரக்கரி, மரப்பட்டை, அரக்கு, பிசின் போன்றவை இவ்வகையின. இரண்டாம் வகைப் பொருள்கள் காட்டில் காணப்படும்போதோ காட்டிலிருந்து கொண்டுவரப்படும்போதோ மட்டும் வனப்பொருள்களாகின்றன. இலை, பூ, காய், புல், தேன், மெழுகு, மேல்மண், பாறை ஆகியன இதில் அடங்கும். தோட்டத்தில் எடுத்த தேனை ஏற்றிச் செல்வது வேறு. காப்புக்காட்டில் எடுத்த தேனை ஏற்றிச் செல்வது வேறு. பாறையும் மண்ணும் கூட வனப்பொருளாகலாம் என்பதை வாகன உரிமையாளர்களில் பலர் அறிந்திருப்பதில்லை.

மரம் அரசுக்கு உரியதா, தனியாருக்கு உரியதா என்ற ஐயம் எழும்போது, மாறாக நிரூபிக்கப்படும் வரை அது அரசுக்கு உரியதென்றே கொள்ள வேண்டும் என 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 69ஆம் பிரிவு கூறுகிறது. கேரள வனச் சட்டத்தின் 69ஆம் பிரிவும் இத்தகைய அனுமானத்தையே வகுத்துள்ளது. வனப்பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல விதிகளின்படி அனுமதிச் சீட்டு தேவை. கேரளத்தில் இதற்கென 1975ஆம் ஆண்டின் வனப்பொருள் போக்குவரத்து விதிகள் உள்ளன. உரிய சீட்டு இல்லாத சரக்கு ஐயத்திற்குரிய சரக்கு என்பது இவ்விதிகளின் அடிப்படைக் கருத்தாகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

1956இல் கேரளம் உருவானபோது அதன் வடபகுதியான மலபாரில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும், தென்பகுதியில் திருவிதாங்கூர்–கொச்சி வனச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. இவ்விரண்டுக்கும் பதிலாக மாநிலம் முழுமைக்கும் பொதுவாக 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டம் இயற்றப்பட்டது.

பழைய சட்டங்களில் வாகனத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் குற்றவியல் நீதிமன்றத்திடம் இருந்தது. வழக்கு நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, தண்டனை வழங்கப்பட்ட பின்னரே வாகனம் பறிமுதலாகும். நடைமுறையில் இதனால் இரு குறைகள் நேர்ந்தன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட்ட வண்டி அதற்குள் மீண்டும் அதே தொழிலுக்குச் சென்றது. மேலும், தண்டனை ஓட்டுநரோடு நின்றது. ஓட்டுநர் சிறை சென்றாலும் வேறோர் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டு கடத்தலைத் தொடர்வது அதன் பின்னணியில் இருந்தோர்க்கு எளிதாயிற்று.

இக்குறைகளைப் போக்கவே கேரளத்தில் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தின் வாயிலாக 61-ஏ முதலான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களும் இதையொத்த திருத்தங்களைச் செய்துள்ளன. தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1992ஆம் ஆண்டின் திருத்தத்தால் 49-ஏ, 49-பி ஆகிய பிரிவுகள் இடம்பெற்றன. இதனிடையே 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காடுகளைப் பேணுவது அரசின் கடமை என 48-ஏ விதியும், குடிமக்களின் கடமை என 51-ஏ விதியும் அத்திருத்தத்தாலேயே வகுக்கப்பட்டன.

மூவகைப் பொறுப்புகள்

உரிமையாளரின் பொறுப்பைப் பற்றிய குழப்பங்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வெவ்வேறான மூன்று பொறுப்புகளை ஒன்றாகக் கருதிவிடுவதே ஆகும். அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பது இன்றியமையாதது.

முதலாவது, இழப்பீட்டுப் பொறுப்பு. பணியின்போது ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் காயமுற்றால், உரிமையாளர் தவறேதும் செய்யாவிடினும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர். பணியாளரின் செயலுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்ற பொதுநெறி இதன் அடிப்படை.

இரண்டாவது, குற்றவியல் பொறுப்பு. இங்கு மேற்சொன்ன நெறி செல்லாது. ஓட்டுநர் செய்த குற்றத்திற்காக உரிமையாளரைச் சிறைக்கு அனுப்ப இயலாது. அவர் தூண்டினார், சதியில் பங்கேற்றார், அல்லது அறிந்தே வாகனத்தைத் தந்தார் என்பதை அரசுத் தரப்பு ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்க வேண்டும்.

மூன்றாவது, பறிமுதல் பொறுப்பு. இதுவே நம் ஆய்வுக்குரியது. இதில் விசாரணைக்கு உட்படுவது ஆளைவிட வாகனமே எனலாம். வனக் குற்றத்தில் அந்த வாகனம் பயன்படுத்தப்பட்டதா என்பது முதல் கேள்வி. ஆம் எனில், உரிமையாளர் தம்மைக் காத்துக்கொள்ளச் சட்டம் வகுத்த நிபந்தனைகளை நிறைவேற்றியுள்ளாரா என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்வியில் மெய்ப்பிக்கும் சுமை வனத்துறையைச் சேர்ந்தது. இரண்டாம் கேள்வியில் அச்சுமை உரிமையாளரைச் சேர்கிறது.

பறிமுதல் நடைமுறை

கைப்பற்றுதல் வேறு, பறிமுதல் வேறு. வனக் குற்றம் நிகழ்ந்ததென நம்புவதற்குக் காரணம் இருக்கும்போது, சரக்கையும் வாகனத்தையும் வன அலுவலரோ காவல் அலுவலரோ தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது கைப்பற்றுதல். உடைமையை நிலையாக அரசுக்கு மாற்றுவது பறிமுதல்.

61-ஏ பிரிவின்படி, அரசுக்குரிய மரம், கரி, விறகு, தந்தம் ஆகியன தொடர்பாகக் குற்றம் நிகழ்ந்திருந்தால், அவற்றையும் பயன்படுத்தப்பட்ட கருவி, படகு, வண்டி, கால்நடை ஆகியவற்றையும் காலதாமதமின்றி அதிகாரம் பெற்ற அலுவலர் முன் கொண்டுவர வேண்டும். இவ்வலுவலர் உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். குற்றம் நிகழ்ந்துள்ளதென அவர் மனநிறைவு கொண்டால், குற்ற வழக்குத் தொடரப்பட்டாலும் தொடரப்படாவிட்டாலும் பறிமுதல் ஆணை பிறப்பிக்கலாம்.

ஆனால் அவ்வாணையை அவர் திடீரெனப் பிறப்பித்துவிட முடியாது. காரணங்களைக் கூறி எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும்; மறுப்புரையைக் கேட்க வேண்டும். மோட்டார் வாகனமாயின் பதிவு பெற்ற உரிமையாளருக்கும் அறிவிப்புச் செல்ல வேண்டும். ஆணையால் பாதிக்கப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 300-ஏ விதிக்கு இந்நடைமுறையே உயிராகும். அறிவிப்பின்றிப் பிறந்த ஆணை, சரக்கு எவ்வளவு பெரிதாயினும், நீதிமன்றத்தில் நிலைப்பது அரிது.

மூவரின் அறியாமை

61-பி பிரிவின் இரண்டாம் உட்பிரிவு உரிமையாளருக்குரிய தற்காப்பைக் கூறுகிறது. வாகனம் தம்முடைய அறிவோ உடந்தையோ இன்றிப் பயன்படுத்தப்பட்டது என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது. உரிமையாளர், அவருக்குச் சார்பாளர் எவரேனும் இருப்பின் அச்சார்பாளர், வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஆகிய அனைவரும் அறியாமலும் உடந்தையின்றியும் அது நடந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். அதோடு, அவர்கள் ஒவ்வொருவரும் நியாயமான, தேவையான முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுத்திருந்தனர் என்பதையும் காட்ட வேண்டும்.

சாலையில் செல்லும் வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஓட்டுநரே. எனவே ஓட்டுநர் அறிந்தே மரம் ஏற்றியிருந்தால், உரிமையாளர் உண்மையிலேயே ஏதும் அறியாதவராயினும், மூன்று நிபந்தனைகளுள் ஒன்று தவறிவிடுகிறது. மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில், 1998ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான முடிவில், உச்ச நீதிமன்றம் இக்கருத்தையே ஏற்றது. உரிமையாளருக்கு அறிவு இருந்ததாக முடிவு இல்லை என்று உயர் நீதிமன்றம் பறிமுதலை நீக்கியிருந்தது. ஓட்டுநர் உரிமையாளரின் சார்பாளர், அவருக்குக் குற்றம் தெரிந்திருந்தது என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிப் பறிமுதல் செல்லும் என்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொச்சங்காடியில் ஒருவர் ஒரே ஒரு லாரியை வைத்துத் தொழில் செய்கிறார் என்று கொள்வோம். வண்டி மளிகைச் சரக்குடன் இடுக்கி மாவட்டத்திற்குச் செல்கிறது. சரக்கை இறக்கிய பின், வெற்று வண்டியாகத் திரும்ப மனமில்லாத ஓட்டுநர், கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டுச் சந்தன மரத்துண்டுகளைத் தார்ப்பாய்க்கு அடியில் ஏற்றிக்கொள்கிறார். சோதனைச் சாவடியில் வண்டி பிடிபடுகிறது. உரிமையாளருக்கு இதில் ஒரு காசும் பங்கில்லை. எனினும் 61-பி பிரிவின் சொற்களின்படி அவருடைய நிலை இடர் மிக்கது. ஏனெனில் வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் குற்றத்தை அறிந்தவர்.

அப்படியாயின் இத்தற்காப்பு எப்போதுதான் பயன்படும்? எடுத்துக்காட்டைச் சற்றே மாற்றலாம். சரக்கு அனுப்பியவர் இஞ்சி மூட்டைகளுக்கு நடுவே மரத்தை மறைத்து, முறையான ரசீதுகளுடன் ஏற்றிவிட்டார். ஓட்டுநர் தம்மால் இயன்ற அளவு சரிபார்த்தும் அதைக் கண்டறிய இயலவில்லை. இங்கு மூவரும் அறியாதவரே. மற்றொரு நிலை: வண்டி திருடப்பட்டு, திருடியவரால் கடத்தலுக்குப் பயன்படுத்தப்பட்டது, உரிமையாளர் உடனே காவல் நிலையத்தில் புகார் தந்துள்ளார். திருடியவரை உரிமையாளரால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் எனக் கூற முடியாது. இத்தகைய நிலைகளில் தற்காப்பு முழு வலிமை பெறுகிறது.

முன்னெச்சரிக்கை என்பது யாது?

முன்னெச்சரிக்கைகளின் பட்டியல் எதையும் சட்டம் தரவில்லை. அது ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையைப் பொறுத்தது. எனினும் சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். 'சட்டவிரோதச் சரக்கை ஏற்றக்கூடாது' என்று ஓட்டுநரிடம் வாய்மொழியாகக் கூறியதாகப் பின்னர் சொல்வது எடுபடாது. பணியில் அமர்த்துமுன் ஓட்டுநரின் முன்வரலாற்றை விசாரித்தல், எழுத்துமூலமான கட்டளை, ஒவ்வொரு பயணத்திற்கும் புறப்பட்ட இடம், சேருமிடம், சரக்கு, கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்த பதிவேடு, திரும்பும் சுமை எதையும் உரிமையாளரின் ஒப்புதலின்றி ஏற்றலாகாது என்னும் விதி, வனப்பொருளாயின் அனுமதிச் சீட்டின் எண், நாள், அளவு, வழித்தடம் ஆகியவற்றைச் சரிபார்த்தல் ஆகியன நம்பத்தக்க சான்றுகளாகும்.

இன்று வாகனத்தின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. இது உரிமையாளருக்கு இருமுனை ஆயுதம். வழித்தடம் மாறியதைக் கண்டு உடனே கேள்வி கேட்டவருக்கு அது சான்று. மாறியதைக் கண்டும் வாளாவிருந்தவருக்கு எதிரான சான்றும் அதுவே.

விடுதலையானால் வாகனம் திரும்புமா?

குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்துவிட்டால் வாகனம் தானாகத் திரும்பிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். 1985இல் ஆந்திரப் பிரதேசத்தின் சுதாகர் ராவ் வழக்கில், பறிமுதல் நடவடிக்கையும் குற்ற வழக்கும் தனித்தனியானவை, ஒன்று மற்றொன்றைச் சார்ந்ததன்று என உச்ச நீதிமன்றம் விளக்கியது. தண்டனைக்கு ஐயத்திற்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். பறிமுதலுக்கு அலுவலரின் நியாயமான மனநிறைவு போதும். எனவே முன்னதில் தப்பியவர் பின்னதில் தப்பாமற் போகலாம்.

எனினும் விடுதலைக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. 2022இல் மத்தியப் பிரதேசத்தின் அப்துல் வகாப் வழக்கில், பசுவதைத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பறிமுதலான லாரியை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையான பின்னும் லாரியைப் பறிப்பது சொத்துரிமையைத் தன்னிச்சையாகப் பறிப்பதாகும் என்றது. அது வனச் சட்ட வழக்கன்று. எனினும், விடுதலைத் தீர்ப்பு எக்காரணத்தால் வழங்கப்பட்டது என்பதை அலுவலர்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டி. சாட்சிகள் பிறழ்ந்ததால் விளைந்த விடுதலை வேறு. குற்றமே நிகழவில்லை என்ற முடிவால் விளைந்த விடுதலை வேறு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் இத்தகைய எல்லை உண்டு. 1972ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு, குற்றத்திற்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வாகனம் அரசுடைமை என்கிறது. 2011இல் ஜான்சன் வழக்கில், அவ்வாகனம் உண்மையாகவே குற்றத்திற்குப் பயன்பட்டதென உரிய நீதிமன்றம் முடிவு செய்த பின்னரே அது அரசுடைமையாகும் என்றும், இணக்கத் தொகை பெற்றுக் குற்றத்தைத் தீர்க்கும் அலுவலர் வாகனத்தைப் பறித்துக்கொள்ள இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இடைக்காலத்தில் வாகனம்

வழக்கு முடியும் வரை வாகனம் எங்கே இருக்க வேண்டும்? உரிமையாளரைப் பொறுத்தவரை இதுவே உடனடிப் பிரச்சினை. வெயிலிலும் மழையிலும் நிறுத்தப்பட்ட லாரி ஓரிரு ஆண்டுகளில் துருப்பிடித்துவிடும். மாதத் தவணை மட்டும் நிற்காது. 2002இல் குஜராத்தின் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் வைத்திருப்பதால் பயனில்லை, தக்க பிணை பெற்று விடுவிக்கலாம் என உச்ச நீதிமன்றம் பொதுநெறி கூறியது.

ஆனால் வனக் குற்றங்களில் அணுகுமுறை கடுமையானது. 2000ஆம் ஆண்டு கர்நாடகத்தின் கிருஷ்ணன் வழக்கில், நடவடிக்கைகள் முற்றுப்பெறும் வரை வாகனத்தைப் பொதுவாகத் திருப்பித் தரலாகாது என்றும், விதிவிலக்காகத் தருவதாயினும் வங்கி உத்தரவாதம் குறைந்தபட்ச நிபந்தனையாதல் வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2019இல் மத்தியப் பிரதேசத்தின் உதய் சிங் வழக்கில், அம்மாநிலத் திருத்தத்தின்படி பறிமுதல் நடவடிக்கை தொடங்கிய செய்தி குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்கப்பட்ட பின், வாகனத்தை விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை எனத் தீர்ப்பாயிற்று.

பட்டா நிலத்து மரம்

காட்டிலிருந்து ஏற்றப்படாத மரத்திலும் இடர் உண்டு என்பதற்கு வயநாடு மாவட்டத்தின் முட்டில் நிகழ்ச்சி சான்று. அரசு வழங்கிய நிலங்களில் சில மரங்களின் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டுள்ளது. ஈட்டி அவற்றுள் ஒன்று. 2020 அக்டோபரில் கேரள அரசு பிறப்பித்த ஆணையொன்றைக் காரணங்காட்டி, முட்டில் தெற்குக் கிராமத்தில் இத்தகைய நிலங்களில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. அவ்வாணை 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. வெட்டிய மரங்களில் ஒரு பகுதி சாலை வழியே எறணாகுளம் மாவட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு வனத்துறையால் கைப்பற்றப்பட்டது. குற்றச்சாட்டுகளைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. ஆயினும் வாகனத் தொழிலில் உள்ளோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு: நிலம் தனியாருடையது என்பதால் மரமும் தனியாருடையது ஆகிவிடாது. 'பட்டா நிலத்து மரம்' என்ற வாய்மொழி, அனுமதிச் சீட்டுக்கு ஈடாகாது.

யார் உரிமையாளர்?

விற்றுவிட்ட வாகனத்தின் பதிவை மாற்றாமல் விடுவது பரவலான பழக்கம். பறிமுதல் அறிவிப்பு பதிவேட்டில் உள்ளவருக்கே செல்லும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவு பெற்றவரையே உரிமையாளர் என்கிறது. தவணைக் கொள்முதல், அடமான ஒப்பந்தங்களில் வாகனத்தைக் கைவசம் வைத்திருப்பவரை உரிமையாளராகக் கொள்கிறது. விற்றவர் குற்ற வழக்கில் சிக்கி அலைவதும், வாங்கியவர் தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பை இழப்பதும் பதிவு மாற்றாததன் விளைவுகள். வாகனம் பறிமுதலானாலும் வாங்கிய கடன் தீர்ந்துவிடுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரு நியாயங்கள்

இச்சட்டம் கடுமையானதா? இதற்கு இரு கோணங்களில் விடை தேட வேண்டும். ஒரு தேக்கு முதிரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன; அதனை வெட்டி ஏற்ற ஓர் இரவு போதும். உரிமையாளரின் அறிவை அரசே நிரூபிக்க வேண்டும் என்றால், கடத்தலை நடத்துவோர் எப்போதும் ஓட்டுநரின் பின்னால் மறைந்துகொள்வர். ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பவரும் கட்டுப்படுத்துபவரும் உரிமையாளரே. ஆகவே கண்காணிக்கும் கடமையை அவர்மீது வைப்பது பொருத்தமே. இது ஒரு நியாயம்.

மறுபுறம், பத்து லாரிகள் உடையவருக்கு ஒன்றை இழப்பது தொழில் நட்டம். ஒரே லாரி உடையவருக்கு அது குடும்பத்தின் வீழ்ச்சி. சிறு துண்டுக்கும் பெரும் சரக்குக்கும், முதல் தவறுக்கும் தொடர் குற்றத்திற்கும் ஒரே விளைவு என்பது நீதியின் அளவுகோலுக்குப் பொருந்துவதாக இல்லை. 61-ஏ பிரிவு பறிமுதல் 'செய்யலாம்' என்றுதான் கூறுகிறது. அச்சொல்லில் அடங்கியுள்ள விருப்புரிமையை அலுவலர் சிந்தித்துப் பயன்படுத்துவதே இரு நியாயங்களையும் இணைக்கும் பாலமாகும்.

இதற்கு அலுவலர்களின் பணி செம்மையாக அமைய வேண்டும். கைப்பற்றிய இடத்திலேயே மகசர் எழுதி, மரத்தின் வகை, நீளம், சுற்றளவு ஆகியவற்றைக் குறித்தல். மரம் எங்கு ஏற்றப்பட்டது என்பதை விசாரித்தல். ஓட்டுநரின் வாக்குமூலத்தோடு நின்றுவிடாமல், சரக்கை அனுப்பியவரையும் பெறவிருந்தவரையும் கண்டறிதல். உரிமையாளரின் மறுப்புரையில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் காரணத்துடன் விடையளித்து ஆணையிடுதல் ஆகியன இன்றியமையாதவை. வாகனத்தைப் பறித்ததோடு வழக்கை முடிந்ததாகக் கருதினால், மரத்திற்குப் பணம் கொடுத்தவர் தப்பிவிடுகிறார். அடுத்த இரவு வேறொரு லாரி புறப்படுகிறது.

2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமான தேசியப் போக்குவரத்து அனுமதிச் சீட்டு முறை மைய அரசால் தொடங்கி வைக்கப்பட்டது. மரம், மூங்கில் முதலியவற்றை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல இணைய வழியே ஒரே சீட்டுப் பெற இது வகை செய்கிறது. சீட்டு உண்மையானதா என்பதைச் சரிபார்ப்பது எளிதாகும்போது, நேர்மையான உரிமையாளருக்கு முன்னெச்சரிக்கை எளிதாகிறது. அறியாமையைச் சாக்காகச் சொல்வது கடினமாகிறது.

கொச்சிப் பகுதியின் சந்தைகளிலும் லாரி நிலையங்களிலும் உள்ள உரிமையாளர் சங்கங்கள், ஓட்டுநர் சங்கங்கள், வனத்துறை, மோட்டார் வாகனத் துறை ஆகியன ஒன்றுகூடி இச்சட்ட விதிகளை எளிய மொழியில் எடுத்துரைத்தால் பெரும்பயன் விளையும். தம் கையிலுள்ள திசைமாற்றி உரிமையாளரின் வாழ்வையும் தாங்கியுள்ளது என்பதை ஓட்டுநர் உணர வேண்டும். வண்டியை வாடகைக்கு விடுவதோடு தம் கடமை முடிவதில்லை என்பதை உரிமையாளர் உணர வேண்டும். காடு காக்கப்படுவதும் உழைப்பாளியின் உடைமை காக்கப்படுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முறையான நடைமுறையே இரண்டையும் ஒருங்கே காக்கும்.